பட்ஜெட் பற்றாக்குறையும் நாட்டுக் கடனும்: நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

மலேசியக் கூட்டரசு அரசாங்கத்தின் கடன் 2025 நடுவில் ஏறத்தாழ 1.3 டிரில்லியன் வெள்ளி (ரிங்கிட்). இந்த ஓர் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு நாடு நன்றாக இருக்கிறதா, மூழ்கிக்கொண்டிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையிலும் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் சூடாக ஓடும் விவாதங்களில் பாதி, இந்த எண்ணை அப்படியே தூக்கிப் போடுவதால் வருபவைதான். இன்னும் நாலைந்து எண்களைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு பிடிபட்டுவிடும். பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல், கழித்தல், வகுத்தல் போதும்.

முதலில் அலகைச் சரிசெய்துகொள்ளுங்கள். நம் தமிழ் நாளிதழ்கள் கோடியில் எழுதுகின்றன. நிதியமைச்சு பில்லியனில் எழுதுகிறது. 1 பில்லியன் 100 கோடி. 1 டிரில்லியன் 1 லட்சம் கோடி. 2026 பட்ஜெட்டின் 419.2 பில்லியன் வெள்ளி, நாளிதழில் 41,920 கோடி வெள்ளியாக வரும். ஒரு சுழியம் விட்டுப்போனாலும் கேட்பவருக்குத் தெரியாது. இரண்டுமே அவருக்கு எட்டாத தொகைதானே. அதனால் ஓர் அலகில் தொடங்கினால் கடைசி வரை அதிலேயே இருங்கள். இங்கே பில்லியன்.

எந்த ஆவணத்தைத் திறப்பது

நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் படிக்கும் உரையிலிருந்து தொடங்காதீர்கள். யாருக்கு எவ்வளவு உதவி, எந்தச் சாலைக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பதுதான் அதில் நிறைய இருக்கும். பற்றாக்குறை இரண்டு வரியில் முடிந்துவிடும். அதே நாளில் நிதியமைச்சின் இணையத்தளத்தில் வேறு சில நூல்களும் ஏறுகின்றன. அவற்றில் ‘நிதிநிலைக் கண்ணோட்டமும் கூட்டரசு வருமான மதிப்பீடும்’ என்ற பொருளில் மலாயிலும் ஆங்கிலத்திலும் வரும் நூலை இறக்கிக்கொள்ளுங்கள். முழுக்கப் படிக்க வேண்டாம். கூட்டரசு நிதிநிலையின் சுருக்க அட்டவணை ஒன்று, கடனைப் பற்றிய அத்தியாயம் ஒன்று. இந்த இரண்டும் போதும்.

அந்த அட்டவணையில் ஒவ்வொரு ஆண்டுக்கும் எண் இருக்கும். ஆனால் எல்லாம் ஒரே தரத்து எண்கள் அல்ல. முடிந்துபோன ஆண்டுக்கு உண்மைக் கணக்கு. ஓடிக்கொண்டிருக்கும் ஆண்டுக்குத் திருத்திய மதிப்பீடு. வரப்போகும் ஆண்டுக்கு வெறும் எதிர்பார்ப்பு. 2024க்கு அரசாங்கம் முதலில் சொன்ன பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.3 விழுக்காடு, கணக்கு முடிந்தபோது 4.1. இந்த முறை நல்ல பக்கம் விலகியது. எப்போதும் அப்படியே விலகும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பற்றாக்குறையைக் கணக்கிடுவது

2025 அக்டோபர் 10ஆம் தேதி தாக்கலான 2026 பட்ஜெட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள்.

வருமானம்: 343.1 பில்லியன்
நிர்வாகச் செலவு: 338.2 பில்லியன்
மீதி: 4.9 பில்லியன்
மேம்பாட்டுச் செலவு: 81.0 பில்லியன்
இடைவெளி: 76.1 பில்லியன்

அரசாங்கம் முன்பு மற்றவர்களுக்குக் கொடுத்த கடனில் திரும்பி வரும் சிறு தொகை ஒன்று உண்டு. அதைக் கழித்தால் பற்றாக்குறை சுமார் 75 பில்லியனில் வந்து நிற்கும். இது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3.5 விழுக்காடு என்று அமைச்சு சொல்கிறது. சரிபார்க்க, 75ஐ 0.035ஆல் வகுங்கள். 2,100 பில்லியனைச் சற்றுத் தாண்டி வரும். 2026இல் நாட்டின் உற்பத்தி எவ்வளவு இருக்கும் என்று அவர்கள் எதிர்பார்க்கிறார்கள் என்பது இதுதான். அந்த எதிர்பார்ப்பு தவறினால், ஒரு காசு கூடுதலாகச் செலவு செய்யாமலே 3.5 என்பது 3.6 ஆகிவிடும்.

இங்கே நிறையப் பேர் இடறுவது ஓர் இடத்தில்தான். 2026க்குத் தலைப்புச் செய்தியில் வந்த எண் 470 பில்லியன். அதில் அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனங்கள் போடும் 30 பில்லியனும், சட்டப்பூர்வ அமைப்புகளும் நிதியமைச்சின் நிறுவனங்களும் போடும் 10.8 பில்லியனும், தனியார் கூட்டுத் திட்டங்களின் 10 பில்லியனும் சேர்ந்திருக்கின்றன. அது கூட்டரசுக் கருவூலத்திலிருந்து போகும் பணம் அல்ல. 470இலிருந்து 343ஐக் கழித்து, ‘127 பில்லியன் பற்றாக்குறை’ என்று சொல்பவர்களைப் பார்க்கலாம். கழித்தல் சரி, எடுத்த எண் தவறு. பற்றாக்குறைக்கு 419.2 மட்டுமே கணக்கு.

மேலே இருக்கும் ‘மீதி’ என்ற வரியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சம்பளம், ஓய்வூதியம், வட்டி, உதவித்தொகை, மருந்து, மின்கட்டணம் எல்லாம் நிர்வாகச் செலவு. பள்ளி, மருத்துவமனை, சாலை கட்டுவது மேம்பாட்டுச் செலவு. அன்றாடச் செலவை வருமானத்திலிருந்தே செய்ய வேண்டும், கடன் வாங்குவது மேம்பாட்டுக்கு மட்டுமே என்பது மலேசியா நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் விதி. கோவிட் காலத்தில் தனிச் சட்டமும் தனி நிதியும் உருவாக்கித்தான் இதிலிருந்து விலகினார்கள். 343 பில்லியன் வருமானத்தில் 4.9 மீதி என்றால் நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. விதி மீறப்படவில்லை, ஆனால் விளிம்பில் நிற்கிறது. மேம்பாட்டுக்காகச் செலவாகும் 81இல் ஏறக்குறைய முழுவதும் கடன் பணம். பற்றாக்குறை விழுக்காட்டைவிட இந்த மீதி வரிதான் அரசாங்கத்தின் மூச்சை நன்றாகக் காட்டுகிறது. உரைகளில் இதை யாரும் சொல்வதில்லை.

வட்டியைத் தனியே எடுத்து எழுதுங்கள்

2026க்கு வட்டிச் செலவு சுமார் 58 பில்லியன். வருமானத்தால் வகுத்தால் 17 விழுக்காடு. வரியாகவும் மற்ற வழியாகவும் வரும் ஒவ்வொரு வெள்ளியிலும் 17 காசு, பழைய கடனின் வட்டிக்கே போகிறது. அசல் இதில் சேரவில்லை. அமைச்சு தனக்குத் தானே நெடுங்காலம் வைத்திருந்த எல்லை 15 விழுக்காடு. அது சட்டம் அல்ல, நிர்வாக ஒழுங்கு. அதனால்தான் தாண்டியபோது பெரிய சத்தம் எழவில்லை.

58 பில்லியனை 365ஆல் வகுத்தால் ஒரு நாள் வட்டி 15.9 கோடி வெள்ளி. 2024 பட்ஜெட்டில் இந்தியச் சமூகத்துக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவுக்கு ஒதுக்கிய ஆண்டுத் தொகை 10 கோடி. ‘நமக்கு ஏன் இவ்வளவுதான்’ என்று கேட்பதற்கு முன்னால், இந்த வட்டித் தொகை எப்படி வளர்கிறது என்று பார்ப்பது நல்லது. எந்தச் சமூகத்துக்கும் எந்த அமைச்சுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே எடுத்துவைக்கப்படும் தொகை அது. 2025 பட்ஜெட்டில் அது 54.7 பில்லியனாகத்தான் இருந்தது.

பற்றாக்குறையிலிருந்து வட்டியைக் கழித்தால் வருவது முதன்மைப் பற்றாக்குறை. 75இலிருந்து 58 போனால் 17 பில்லியன். பழைய கடனே இல்லையென்றால், இன்றைய செலவுக்கும் இன்றைய வருமானத்துக்கும் இடையில் இவ்வளவுதான் இடைவெளி. இது சுழியத்துக்குக் கீழே போனால், அதாவது முதன்மை உபரி வந்தால், நிலைமை உண்மையிலேயே மாறுகிறது என்று துணிந்து சொல்லலாம்.

பற்றாக்குறை எப்படிக் கடனாகிறது

பற்றாக்குறை ஓர் ஆண்டின் கணக்கு. கடன் இதுவரை சேர்ந்து நிற்பது. இரண்டையும் குழப்பினால், ‘பற்றாக்குறை குறைந்துவிட்டதாம், ஆனால் கடன் கூடிவிட்டதாமே, யார் பொய் சொல்கிறார்கள்’ என்ற கேள்வி வரும். யாரும் பொய் சொல்லவில்லை. பற்றாக்குறை குறைந்தாலும் அது சுழியமாகாத வரை கடன் கூடத்தான் செய்யும். 2023 முடிவில் கடன் 1,172.5 பில்லியன். 2024 முடிவில் ஏறக்குறைய 1,247 பில்லியன். ஓர் ஆண்டில் கூடியது 75 பில்லியனை ஒட்டி. அந்த ஆண்டின் பற்றாக்குறை 79 பில்லியனை ஒட்டி. கைவசம் இருந்த ரொக்கம், வெளிநாட்டுக் கடனின் நாணய மாற்று மதிப்பு போன்றவற்றால் சின்ன வித்தியாசம் வரும். வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் எங்கோ ஒரு தொகை கணக்குக்கு வெளியே ஓடுகிறது என்று தேட வேண்டும்.

மலேசியா கடைசியாக உபரி கண்டது 1997இல். 1998 முதல் ஒவ்வோர் ஆண்டும் பற்றாக்குறைதான். 2009இல் 6.7 விழுக்காடு வரை போனது. 2021இல் 6.4. அதன் பிறகு 2023இல் 5.0, 2024இல் 4.1 என்று இறங்கி வந்திருக்கிறது.

சரி, எவ்வளவு இறங்கினால் போதும்? 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் 2023ஆம் ஆண்டின் பொது நிதி, நிதிப் பொறுப்புச் சட்டம் நாலு இலக்குகளை எழுதிவைத்திருக்கிறது: பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்குள், கடன் 60க்குள், அரசாங்க உத்தரவாதங்கள் 25க்குள், மேம்பாட்டுச் செலவு 3க்குக் குறையாமல். எல்லாமே மொத்த உள்நாட்டு உற்பத்தியை வைத்து. இந்த 3க்கும் 60க்கும் உள்ள உறவைத் தாளில் போட்டுப் பார்த்தால் சட்டத்தின் பலவீனமும் தெரியும்.

சென்ற ஆண்டு உற்பத்தி 100, கடன் 65 என்று வையுங்கள். விலைவாசி ஏற்றமும் சேர்த்து உற்பத்தி 5 விழுக்காடு வளர்ந்து 105 ஆகிறது. பற்றாக்குறை அந்த 105இல் 3.5 விழுக்காடு, அதாவது 3.7. கடன் 68.7 ஆகிறது. 105ஆல் வகுத்தால் 65.4 விழுக்காடு. விகிதம் கொஞ்சம் ஏறிவிட்டது. பற்றாக்குறையை 3க்குக் கொண்டுவந்தால் 64.9, இப்போதுதான் இறங்கத் தொடங்குகிறது. பற்றாக்குறையை 3.5இலேயே விட்டு வளர்ச்சியை 6 ஆக்கினால் 64.8. ஆக, 3 என்பது கடன் விகிதம் ஏறாமல் நிற்கும் இடம், அவ்வளவுதான். அதே 5 விழுக்காடு வளர்ச்சி, 3 விழுக்காடு பற்றாக்குறை என்று எத்தனை ஆண்டு ஓட்டினாலும் விகிதம் 63க்குக் கீழே இறங்காது. கணக்கு அங்கே போய் நின்றுவிடும். 60ஐத் தொட வேண்டுமானால் வளர்ச்சி கூட வேண்டும், அல்லது பற்றாக்குறை 3க்கும் கீழே போக வேண்டும். ‘3ஐ எட்டிவிட்டோம்’ என்று ஒருநாள் அறிவிப்பு வரும்போது இது நினைவில் இருக்கட்டும்.

வகுக்கும் எண் விழுந்தாலும் விகிதம் ஏறும். 2019 முடிவில் கடன் 793 பில்லியன், 52.4 விழுக்காடு. 2020 முடிவில் 879.6 பில்லியன், சுமார் 62 விழுக்காடு. உற்பத்தி 2019 அளவிலேயே நின்றிருந்தால் இந்தக் கடன் 58 விழுக்காடுதான். மீதி 4 புள்ளி, ஊரடங்கில் உற்பத்தி சுருங்கியதால் மட்டும் வந்தது.

எல்லைகளைப் படிக்கும்போது

சட்டப்பூர்வக் கடன் எல்லை 65 விழுக்காடு என்றும், 2024 முடிவில் கடன் 64.6 விழுக்காடு என்றும் படித்துவிட்டு, இன்னும் அரை விழுக்காடுதான் பாக்கி என்று பதறுவார்கள். அந்த 65க்குள் வருவது எம்ஜிஎஸ் எனப்படும் மலேசிய அரசாங்கக் கடன் பத்திரம், எம்ஜிஐஐ எனும் இஸ்லாமியப் பத்திரம், இஸ்லாமியக் கருவூல உண்டியல் (குறுகியகாலக் கடன் பத்திரம்) ஆகியவை மட்டும். வெளிநாட்டுக் கடனுக்கு 35 பில்லியன், சாதாரணக் கருவூல உண்டியலுக்கு 10 பில்லியன் என்று தனித்தனி எல்லைகள் இருக்கின்றன. 64.6 இவை எல்லாம் சேர்ந்த எண். ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட முடியாது. தவிர, அந்த எல்லை 55இலிருந்து 60, பிறகு 65 என்று கோவிட் காலத்தில் நாடாளுமன்றம் வழியாகவே ஏற்றப்பட்டது. ஏற்ற முடிகிற எல்லைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

பட்ஜெட்டில் தெரியாத கடன்

எம்ஆர்டி ரயிலின் காஜாங் தடத்தில் ஏறி உட்காரும்போது, அந்தத் தடத்தைக் கட்டிய பணம் பட்ஜெட்டின் மேம்பாட்டுச் செலவில் முழுதாக இருக்காது. டானாஇன்ஃப்ரா நேஷனல் என்ற நிதியமைச்சின் நிறுவனம் சந்தையில் பத்திரம் விற்றுத் திரட்டியது அது. அரசாங்கம் உத்தரவாதம் கொடுத்தது. எல்ஆர்டி ரயிலை நடத்தும் பிரசரானா நிறுவனத்தின் கதையும் இதேதான். உத்தரவாதம் கடன் கணக்கில் வராது. ஆனால் டிக்கெட் வருமானத்தால் அந்தப் பத்திரங்களை அடைக்க முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். தவணையைக் கடைசியில் கருவூலம்தான் கட்டுகிறது.

அதனால் அத்தியாயத்தில் ‘கடன்’, ‘உத்தரவாதங்கள்’, ‘மற்றக் கடப்பாடுகள்’ என்று மூன்று தலைப்புகளையும் தேடிப் பிடியுங்கள். உத்தரவாதங்களில், கடனை வாங்கிய நிறுவனமே அடைத்துவிடும் வகை வேறு, அரசாங்கம்தான் அடைக்கப்போகிறது என்று முடிவானவை வேறு. இரண்டாவது வகையைக் கடனோடு கூட்டிப் பார்ப்பதே நேர்மையான கணக்கு.

2018 மே மாதத்தில் நடந்ததைப் பார்த்தால் இது தெளிவாகும். 2017 முடிவில் அதிகாரப்பூர்வக் கடன் 686.8 பில்லியன், 50.8 விழுக்காடு. புதிதாகப் பதவியேற்ற நிதியமைச்சர் லிம் குவான் எங் இதோடு உத்தரவாதங்கள் 199.1 பில்லியனையும், தனியார் கட்டிய கட்டடங்களுக்கு அரசாங்கம் கொடுக்க வேண்டிய எதிர்கால வாடகை 201.4 பில்லியனையும் கூட்டி, 1,087.3 பில்லியன், 80.3 விழுக்காடு என்று அறிவித்தார். ஒரே நாளில் யாரும் 400 பில்லியன் கடன் வாங்கிவிடவில்லை. எதைச் சேர்ப்பது என்பதுதான் மாறியது. அரசாங்க முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி போன்றவற்றின் சுமையை உத்தரவாதங்களோடு சேர்த்துக் காட்டியது சரியே. வருங்கால வாடகை முழுவதையும் இன்றைய கடனாகக் கூட்டியது கொஞ்சம் அதிகம். அப்படிப் பார்த்தால் வருங்கால ஓய்வூதியத்தையும் கூட்ட வேண்டிவரும். அந்த மாதமே மக்கள் நன்கொடையாகக் கடனை அடைக்கத் தொடங்கிய தாபோங் ஹராப்பான் என்ற நிதியில் சுமார் 20 கோடி வெள்ளி சேர்ந்தது. ஒரு டிரில்லியனில் அது 5,000இல் ஒரு பங்கு.

யாரிடம் வாங்குகிறார்கள்

கடனில் நூற்றுக்கு 97க்கு மேல் ரிங்கிட்டில்தான் இருக்கிறது. மத்திய வங்கியான பேங்க் நெகாரா அரசாங்கத்தின் முகவராக ஏலம் நடத்துகிறது. 3 முதல் 30 ஆண்டு வரையிலான பத்திரங்கள். வாங்குபவர்களில் பெரியவர் ஊழியர் சேமநிதி வாரியம். சேமநிதியில் உங்கள் பெயருக்கு ஆண்டுதோறும் ஏறும் லாப ஈவில் ஒரு பகுதி இந்தப் பத்திரங்களின் வட்டி. வரி கட்டும் கையிலிருந்து எடுத்துச் சேமநிதிக் கணக்கில் போடுவது போன்ற சுற்று அது. ரிங்கிட்டில் கடன் வாங்கும் நாடு, டாலரில் வாங்கிச் சிக்கிய நாடுகளைப் போல ஒரே வாரத்தில் கவிழ்ந்துவிடாது. ஆனால் பத்திரங்களில் கணிசமான பங்கு வெளிநாட்டு நிதியங்களின் கையில் இருக்கிறது. அவர்கள் விற்றுவிட்டு வெளியேறினால் புதுக் கடனின் வட்டியும் ஏறும், ரிங்கிட்டும் இறங்கும்.

பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டியான ஓபிஆர் விகிதம் 2025 ஜூலையில் 3.00இலிருந்து 2.75க்குக் குறைந்தபோது, ‘அரசாங்கத்தின் வட்டியும் குறைந்துவிடும்’ என்றார்கள். உடனே குறையாது. 10 ஆண்டுப் பத்திரம் விற்ற நாளில் நிர்ணயித்த வட்டிதான் கடைசி வரை. முதிர்ந்த பத்திரத்தை அடைக்கப் புதுப் பத்திரம் விற்கும்போதுதான் புது விகிதம் உள்ளே வரும். அதனால் வட்டிச் செலவு மெல்லத்தான் ஏறும், ஏறினால் மெல்லத்தான் இறங்கும். இதே காரணத்தால், ஆண்டில் விற்கும் பத்திரங்களின் மொத்தத் தொகை பற்றாக்குறையைவிட மிகப் பெரிதாக இருக்கும். அது புதுக் கடன் அல்ல. பெரும்பகுதி பழையதைப் புரட்டுவது.

வருமானக் கணக்கைச் சந்தேகத்தோடு படியுங்கள்

செலவு மதிப்பீடு பெரும்பாலும் மேலே விலகும். வருமான மதிப்பீடு எந்தப் பக்கமும் விலகும். இரண்டு இனங்களைப் பாருங்கள். ஒன்று அரசின் எண்ணெய் நிறுவனமான பெட்ரோனாஸ் தரும் லாப ஈவு: 2025க்கு 32 பில்லியன், 2026க்கு 20 பில்லியன் என்று வைத்திருக்கிறார்கள். 12 பில்லியன் ஓட்டையை வேறு வருமானம் அடைக்க வேண்டும். 2019இல் 54 பில்லியன் வந்தது. அதில் 30 பில்லியன் ஒருமுறை மட்டும் எடுத்த சிறப்பு ஈவு. அப்படிப்பட்ட ஆண்டை அடிப்படையாக வைத்து வளர்ச்சியைக் கணக்கிட்டால் எல்லாமே பிசகும். மற்றொன்று எஸ்எஸ்டி எனும் விற்பனை, சேவை வரி. சேவை வரி 2024 மார்ச்சில் 8 விழுக்காடானது. 2025 ஜூலையில் வரி வலை விரிந்தது. விகிதம் கூடினால் வசூல் அதே அளவு கூடும் என்று நினைக்க வேண்டாம், விலக்குகள் நிறைய.

செலவுப் பக்கத்தில் உதவித்தொகைதான் ஆட்டம் காட்டும் இனம். 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 எனும் பெட்ரோல் உதவித்திட்டம் தொடங்கியபோது மலேசியர்களுக்கு ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 வெள்ளி. உலக எண்ணெய் விலை ஏறினால் அந்த 1.99ஐக் காப்பாற்ற ஆகும் செலவு கருவூலத்தில் ஏறும். எண்ணெய் விலை ஏறுவது நமக்கு லாபம் என்று சொல்பவர்கள் பெட்ரோனாஸ் பக்கத்தை மட்டும் பார்க்கிறார்கள்.

பினாங்கு வாசகர்களுக்கு ஒன்று. இந்தக் கணக்கு எதையும் மாநில அரசாங்க அலுவலகமான கொம்தாரில் தேடாதீர்கள். கூட்டரசு அரசியலமைப்பின் 111ஆவது பிரிவுப்படி மாநில அரசாங்கம் தன் விருப்பத்துக்குச் சந்தையில் கடன் வாங்க முடியாது. கூட்டரசிடம் வாங்கலாம், அல்லது அதன் ஒப்புதலோடு வங்கியிடம் ஐந்து ஆண்டுக்கு மிகாத தவணைக்கு வாங்கலாம். மாநிலத்தின் பெரிய திட்டங்கள் புத்ராஜெயாவின், அதாவது கூட்டரசின், கணக்கில் போய் உட்காருவது இதனால்தான். முத்தியாரா எல்ஆர்டி தடத்தைக் கூட்டரசின் எம்ஆர்டி கார்ப் கட்டுவதற்கும் காரணம் பணம் அங்கே இருப்பதே. அந்தச் செலவு மேம்பாட்டுச் செலவில் வருகிறதா, உத்தரவாதங்களில் வருகிறதா என்று ஒவ்வோர் ஆண்டும் பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு நடுவில் நாடாளுமன்றத்துக்குக் கூடுதல் செலவு மசோதா வந்தால் அதையும் விட்டுவிடாதீர்கள். அக்டோபரில் ஒப்புக்கொண்ட நிர்வாகச் செலவு எவ்வளவு ஏறியது என்பது அதில்தான் இருக்கும். நாளிதழில் பெரும்பாலும் உள்பக்கத்தில், சிறிய எழுத்தில்.